ஆளில்லாத வீட்டு அறுவடை

ஜமுனாமரத்தூரிலிருந்து வந்த மினி பஸ் வளைவில் நின்று வெண்ணிலாவை இறக்கிவிட்டபோது அவள் கண்ணில் முதலில் பட்டது அம்மாவின் சாமைக் கொல்லைதான். மேட்டிலும் சரிவிலும் அங்கிருந்து தெரிந்த மற்ற கொல்லைகள் எல்லாம் அறுபட்டு வெறும் தாளாகக் கிடக்க, நடுவில் அது ஒன்றுதான் பழுத்துச் சாய்ந்து நின்றது. சாமை முற்றிவிட்டால் நெல்லைப் போலப் பொறுத்துக்கொண்டு நிற்காது. காற்றடித்தால் கொட்டும், தூறல் விழுந்தால் கொட்டும், குருவி வந்து உட்கார்ந்தாலே கொட்டும். ஐப்பசி பாதிக்கு மேல் போயாகிவிட்டது. அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்று அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.

வெள்ளையம்மாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. முழங்கால் மட்டும் கொஞ்சம் வீங்கியிருந்தது. வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தவள், வெளிநாட்டிலிருந்து ஒன்றரை வருஷம் கழித்து வரும் மகளைப் பார்த்து, "பஸ்ஸு இன்னிக்கி சீக்கிரம் வந்துட்ச்சா?" என்று கேட்டாள். அவ்வளவுதான் வரவேற்பு. ஆனால் எழுந்து உள்ளே போகும்போது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அதை வெண்ணிலா பார்த்துவிட்டாள்.

வெண்ணிலாவின் வேலையைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அயர்லாந்தில் ஒரு கம்பெனி, பல் டாக்டர்களுக்கு நோயாளிகள் வரும் நேரத்தைக் குறித்துவைக்கும் சாஃப்ட்வேர் விற்கிறது. அது மக்கர் செய்து எங்கோ ஒரு டாக்டர் தலையில் கைவைத்துக்கொண்டால், அவரைச் சமாதானப்படுத்திச் சரிசெய்து கொடுப்பது வெண்ணிலாவின் பொறுப்பு. ஒரு லேப்டாப்பும் அறுந்துபோகாத இன்டர்நெட்டும் இருந்தால் போதும், எங்கிருந்து வேண்டுமானாலும் செய்யலாம். முதலில் சென்னையிலிருந்து செய்தாள். பிறகு வியட்நாமில், பிறகு மலேசியாவில், இப்போது தாய்லாந்தின் சியாங் மாய் நகரத்தில். ஒரு நாட்டில் விசா முடிந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு அடுத்த நாடு. ஊரில் அவளைப் பற்றிப் பேச்சு வந்தால் "ஃபாரின்ல கீறா" என்பார்கள். எந்த ஃபாரின் என்று கேட்டால் பெற்றவளுக்கே தெரியாது. அது பெற்றவளின் குற்றமில்லை. பதில் மாறிக்கொண்டே இருந்தால் அவளும்தான் என்ன செய்வாள்?

கை கால் கழுவிச் சோற்றில் கைவைத்ததும் வெண்ணிலா கேட்டாள்.

"யம்மா, கொல்லைய ஏன் இன்னும் அறுக்கல?"

"அறுக்கணும்."

"செந்தாமரை கூட்டம் வரலியா?"

"வந்தாங்க. நாந்தான் வேணான்ட்டேன்."

"இன்னாத்துக்கு?"

வெள்ளையம்மாள் குழம்பை ஊற்றுகிற சாக்கில் பேச்சை நிறுத்தினாள். மகள் விடவில்லை. கூலிக்கு ஆள் வைத்துக்கொள்ளத்தான் பணம் அனுப்பினேனே என்றாள்.

"துட்டு கீது. ஆளு எங்க கீது? ஆம்பளைங்கல்லாம் குடகுக்கும் கேரளாவுக்கும் எஸ்டேட்டு வேலைக்கிப் பூட்டாங்க. பொம்பளைங்க மாத்தாளுக்கு மட்டுந்தான் வராங்க. அதுலதான் நம்மளத் தள்ளி வெச்சிட்டாங்களே."

"தள்ளி வெச்சிட்டாங்களா?"

"ஆளில்லாத வூட்டு மொறையில அறுத்துத் தர்றோம்ன்றாளுங்க." வெள்ளையம்மாளின் குரல் உயர்ந்தது. "நான் இன்னா ஆளில்லாதவளா? கல்லு கணக்கா ஒரு பொண்ண வெச்சிக்கினு, ஊரு வந்து எங்கொல்லைய அறுக்கறதா? கொட்டட்டும். எல்லாம் மண்ணுல கொட்டிப் போவட்டும்."

அந்த ஊர் வழக்கம் தெரியாதவர்களுக்கு இதில் இவ்வளவு கோபப்பட என்ன இருக்கிறது என்று தோன்றும். மாற்றாள் என்பது ஒரு சாதாரண ஏற்பாடு. இன்றைக்கு என் கொல்லைக்கு நீ வந்து அறு, நாளைக்கு உன் கொல்லைக்கு நான் வருகிறேன். கூலி கிடையாது, ஆளுக்கு ஆள்தான். ஆனால் திருப்பி வந்து அறுக்க ஆளே இல்லாத வீடுகளும் ஊரில் இருக்குமல்லவா? பிள்ளையில்லாத கிழவி, படுக்கையில் விழுந்தவர், கண் தெரியாதவர். அவர்கள் கொல்லையைக் கடைசி நாளில் ஊரே சேர்ந்து இறங்கி அறுத்துக் கொடுத்துவிடும். யாரும் எதையும் திரும்பக் கேட்க மாட்டார்கள். அந்த வீட்டுக்காரர் மட்டும் அன்றைக்கு அரிவாளைத் தொடக்கூடாது, வரப்பில் உட்கார்ந்திருக்க வேண்டும். நல்ல மனதோடு செய்கிற காரியம்தான். ஆனாலும் குழாயடிச் சண்டையில் ஒருத்தியை ஒருத்தி, "ஒங்கொல்லைய ஊரு அறுக்க" என்று சபித்துவிட்டால் அதற்குப் பிறகு ஒரு தலைமுறைக்குப் பேச்சுவார்த்தை இருக்காது. வெள்ளையம்மாள் தன் வாழ்நாளில் அப்படி எத்தனையோ கொல்லைகளில் இறங்கி அறுத்துக் கொடுத்தவள். வரப்பில் உட்கார்ந்தவர்களின் முகம் எப்படியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

மறுநாள் விடிந்ததும் வெண்ணிலா செந்தாமரை வீட்டுக்குப் போனாள். இருவரும் ஒரே உண்டு உறைவிடப் பள்ளியில் பக்கத்துப் பக்கத்துப் பாயில் படுத்துப் படித்தவர்கள். வெண்ணிலா கல்லூரிக்குப் போனாள், செந்தாமரை கல்யாணத்துக்குப் போனாள். இப்போது அந்தப் பக்கத்து மாற்றாள் கூட்டத்துக்கு அவள்தான் தலைவி. யார் கொல்லை என்றைக்கு என்பதை வாட்ஸ்அப்பில் குரல் பதிவாகப் போட்டுவிடுவாள். வராதவளை அதே குரூப்பில் வைத்து வாங்கு வாங்கென்று வாங்குவாள்.

"வாடி ஃபாரின்காரி" என்று பாய் போட்டாள். பிளாக் டீ கொடுத்தாள். வெண்ணிலா நேராக விஷயத்துக்கு வந்தாள்.

"எங்கம்மாவ ஏன்டி தள்ளி வெச்ச?"

"நானா தள்ளி வெச்சேன்?" செந்தாமரை அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "மெய்யாலுமே ஒனக்குத் தெரியாதா? தள்ளி வெச்சது நீதான்."

போன வருஷம் நடந்ததை அவள் சொன்னாள். வெள்ளையம்மாளுக்கு முழங்கால் வீங்கிவிட்டது. கூட்டம் வந்து அவள் கொல்லையை அறுத்துக் கொடுத்தது. பதிலுக்குப் போய் அறுக்க அவளால் முடியவில்லை.

"முடியலன்னா இன்னா, அடுத்த வருசம் அறுக்கும், இல்லாங்காட்டி ரெண்டு நாளு களத்துல வந்து பொடைக்கும். நாங்க கேட்டமா? அதுக்குள்ள நீ பார்த்திபன் கடைக்குப் போன்ல துட்டு போட்டு, ஆளுக்கொரு கவரு குடுக்கச் சொல்ட்ட."

"சும்மா வந்து கஷ்டப்பட்டீங்களேன்னுதான்டி குடுத்தேன்."

"குடுத்த. வாங்கிக்கினோம். வேணான்னா சொல்வோம், எல்லாரும் கஷ்டப்படறவங்கதான? ஆனா அது கூலி ஆயிட்ச்சே. கூலி குடுத்த வூட்டுக்கு அப்புறம் மாத்தாளு ஏது? அதோட ஒங்க வூட்டு மொற தீந்து போச்சி. இந்த வருசம் உள்ள வரணும்னா ஒங்க வூட்ல இருந்து யாராச்சும் வந்து மொதல்ல எங்க கொல்லையில அறுக்கணும். பெரிம்மாவால முடியல. வேற யாரு கீறாங்க?"

வெண்ணிலாவுக்கு மூக்குடைந்த மாதிரி ஆகிவிட்டது. அந்தக் கவர்களை ஏற்பாடு செய்த அன்று அவள் எவ்வளவு நிம்மதியாகத் தூங்கினாள்! சியாங் மாயில் எல்லாமே அப்படித்தான். சாப்பாடு, துணி துவைப்பது, கட்டில் நகர்த்த ஓர் ஆள், எல்லாவற்றையும் போனிலேயே தீர்த்துவிடலாம். யாரும் அவளிடம் எதையும் எதிர்பார்ப்பதில்லை, அவளும் யாரிடமும் எதிர்பார்ப்பதில்லை. அதுதான் நாகரிகம் என்று அவள் நினைத்திருந்தாள்.

"நான் அறுக்கறேன்" என்றாள்.

செந்தாமரைக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொள்ளவும் இல்லை. "அருவா புடிச்சி எத்தினி வருசம் ஆவுது?"

"ஒன்னோட சேந்து பத்தாவது லீவுல அறுத்தது."

"நாசமாப் போச்சி." ஆனாலும் அவள் யோசித்தாள். "மேட்டுக்கு அந்தாண்ட மேக்கொல்லையில லேட்டா வெதச்சது மூணு பேரோடது நிக்கிது. மூணுலயும் வந்து அறு. நாலாவதா பெரிம்மா கொல்லையில எறங்கறோம், மாத்தாளாவே. ஆனா ஒண்ணு. புடிச்ச பத்தியப் பாதியில வுட்டுட்டுப் போனன்னு வெச்சிக்க, நானே ஒனக்காகப் பேசினாலும் மத்தவளுங்க ஒத்துக்க மாட்டாளுங்க."

"சனிக்கெழம கெளம்பற வரிக்கும் லீவுதான். ஒரு நாளும் வுட மாட்டேன்."

அன்றைக்கே அவள் மேல்கொல்லையில் இறங்கினாள். ஆளுக்கு ஒரு பத்தி, அதாவது இந்த வரப்பிலிருந்து அந்த வரப்புவரை ஒரு வரிசை. எல்லோரும் ஒன்றாக ஆரம்பித்து ஒன்றாக நகர வேண்டும். ஒருத்தி பின்தங்கினால் வரிசையில் மூக்கு நீட்டிக்கொண்டிருப்பது போலத் தெரியும். வெண்ணிலாவின் மூக்கு அன்று முழுக்க நீட்டிக்கொண்டேயிருந்தது. சாமைத்தாள் கையைக் கீறியது, இடுப்பு விண்டுபோனது. உச்சி வெயிலில் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பக்கத்துப் பத்தி பச்சையம்மா, கம்ப்யூட்டரைத் தட்டுவது போலத் தட்டாமல் அழுத்திப் பிடித்து அறு என்று கிண்டல் செய்துகொண்டே, தன் பத்தியை முடித்துவிட்டு வந்து இவளுடையதில் பாதியை அறுத்துக் கொடுத்தாள். அதற்குக் கவர் கொடுக்க வேண்டுமா என்று வெண்ணிலா கேட்டாள். கொல்லையே சிரித்தது.

கூழ் குடிக்கிற நேரத்தில் கேள்விகள் வந்தன. அங்கே யாரோடு இருக்கிறாய், பக்கத்து வீட்டில் யார், உடம்பு முடியவில்லை என்றால் யார் பார்ப்பது? பக்கத்து அறையில் மாதத்துக்கு ஒரு ஆள் வருவார் போவார் என்றாள். டெங்கு வந்து படுத்திருந்தபோது வீட்டுக்காரம்மா கதவுக்கு வெளியே கஞ்சி வைத்துவிட்டுப் போனதையும், அவரோடு பேசப் பாஷை தெரியாததால் நன்றிகூடச் சொல்ல முடியாமல் கையெடுத்துக் கும்பிட்டதையும் சொன்னாள். பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். அப்பா செத்தபோது ஏன் வரவில்லை என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அவர் செத்த அன்று அவளுடைய பாஸ்போர்ட் விசா நீட்டிக்கும் அலுவலகத்தில் இருந்தது. அது கைக்கு வர நாலு நாள் ஆகும் என்றார்கள். வீடியோவில் முகத்தைக் காட்டச் சொன்னாள், பாடை கிளம்புகிற நேரத்தில் சிக்னல் போய்விட்டது. இது ஊருக்கே தெரிந்த கதை. வெண்ணிலாவுக்கு அது இன்னும் ஆறவில்லை. யாராவது கேட்டிருந்தால் அங்கேயே உடைந்து அழுதிருப்பாள்.

வெள்ளையம்மாளின் நடையே அந்த இரண்டு நாளில் மாறிவிட்டது. முழங்கால் வலியை மறந்து குழாயடிக்குப் போனாள். யாரும் கேட்காமலே, "பொண்ணு மேக்கொல்லைக்கிப் போய்கீறா, மாத்தாளுக்கு" என்றாள். சாயங்காலம் மகளின் கையில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டே, "ஒங்கப்பன் கைய மாதிரியே கீது" என்றாள். வெண்ணிலாவுக்குச் சந்தோஷமாக இருந்தது. கை எரிந்தது, ஆனால் சந்தோஷமாக இருந்தது.

மூன்றாம் நாள் காலையில் இறங்கியது ரத்தினம்மாளின் கொல்லையில். வெண்ணிலாவின் கை ஒருவாறு படிந்திருந்தது, மூக்கு அவ்வளவாக நீளவில்லை. பாதிப் பத்தி போயிருக்கும், இடுப்பில் செருகியிருந்த போன் விடாமல் துடித்தது. மேனேஜர் நோராவிடமிருந்து அடுத்தடுத்து நாலு செய்திகள். அயர்லாந்தில் விடியும் முன்பே சாஃப்ட்வேர் படுத்துவிட்டது. பெரிய வாடிக்கையாளர் ஒருவர் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்வேன் என்கிறார். அவருடைய கணக்கைக் கவனித்துக்கொள்வது நீதான், உடனே வா. விடுமுறை என்று தெரியும், மன்னித்துக்கொள், ஆனால் வா.

வெண்ணிலா அரிவாளோடு நின்றாள். ஊரில் போன் பேசும் அளவுக்குத்தான் சிக்னல். வீடியோ கூட்டத்துக்குப் பாறைமேட்டுக்குத்தான் ஏற வேண்டும். போகாவிட்டால்? சட்டம் பேசினால் விடுமுறை விடுமுறைதான். ஆனால் அவளைப் போன்றவர்களுக்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம் புதுப்பிக்கிறார்கள். கூப்பிட்டபோது வராதவளின் பெயர் அடுத்த முறை மறந்துபோகும். அப்படிக் காணாமல் போன இரண்டு பேரை அவளுக்குத் தெரியும்.

"ஒரே ஒரு மணி நேரம், செந்தாமர. இதோ வந்துட்றேன்."

செந்தாமரை நிமிர்ந்து பார்த்தாள். "வெண்ணிலா, பத்தி பாதியில நிக்கிது."

"வந்து முடிச்சிட்றேன்டி. எங்க கம்பெனி வேல, புரிஞ்சிக்கோ."

திட்டியிருந்தால்கூடத் தேவலை. எல்லோரும் குனிந்து அறுக்கத் தொடங்கிவிட்டார்கள்.

ஒரு மணி நேரம் என்பது ஐந்து மணி நேரமானது. வாடிக்கையாளர் ஒருவழியாக மலையிறங்கினார். நோரா அவளை வானளாவப் புகழ்ந்தாள். பாறைமேட்டிலிருந்து ஓட்டமும் நடையுமாக வெண்ணிலா கொல்லைக்கு வந்தபோது அங்கே யாரும் இல்லை. அவளுடைய பத்தி முழுவதும் அறுபட்டு, கத்தைகள் ஒழுங்காக அடுக்கிக் கிடந்தன. நல்ல பழகிய கை அறுத்தது. பச்சையம்மாவாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

வீட்டில் வெள்ளையம்மாள் சுவரோரமாகக் கால் இரண்டையும் நீட்டிப் படுத்திருந்தாள். வலது முழங்கால் சுரைக்காய் போல வீங்கியிருந்தது. அவளுடைய சேலையெல்லாம் சாமைச் செத்தை. கூழ் கொண்டுபோன இடத்தில் மகளின் பத்தி நிற்பதைப் பார்த்திருக்கிறாள். கீழே கிடந்த அரிவாளை எடுத்து, உட்கார முடியாத காலோடு உட்கார்ந்து நகர்ந்து நகர்ந்து முடித்திருக்கிறாள்.

"யாரும்மா ஒன்ன அறுக்கச் சொன்னது?" வெண்ணிலாவுக்குக் கோபம் வந்தது. தன்மேல் வந்த கோபம், அம்மாமேல் போய் விழுந்தது. "காலு இப்டி கீறப்போ இதெல்லாம் தேவையா?"

"வரிசையில நம்முளுது மட்டும் நின்னுதே" என்றாள் வெள்ளையம்மாள்.

வெண்ணிலா வெந்நீர் ஒத்தடம் கொடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து அம்மா கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. தெரியாததைத் தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"எங்கருந்து வேணாலும் செய்யற வேலன்னியே. அந்த 'எங்கருந்து'ல நம்மூரு வராதா?"

வெண்ணிலா வழக்கமாகச் சொல்லும் பதில் நாக்கில் வந்து நின்றது. சிக்னல் இல்லை. அதைச் சொல்லவும் முடியவில்லை. ஜமுனாமரத்தூரில் ஒரு அறை எடுத்தால் கேபிள் இன்டர்நெட் வந்துவிடும், பாறைமேட்டில்கூட இன்றைக்கு ஐந்து மணி நேரம் தாக்குப்பிடித்ததே.

"சிக்னல்னு சொன்னேன். அது மட்டும் இல்லம்மா." ஒத்தடத் துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள். "எனக்கு அங்க இருக்கப் புடிச்சிகீது. காலையில எழுந்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. ஏன் கல்யாணம் பண்ணல, ஏன் இப்டி துணி போட்ற, ஒண்ணும் கெடையாது. இஷ்டப்பட்ட எடத்துக்குப் போறேன். சில நாளு பேசறதுக்கு ஆளில்லாம பைத்தியம் புடிக்கிது. அப்பாவுக்கு வர முடியலன்னு இன்னும் அழுவறேன். ஆனாலும் வர்றதுக்கு மனசு வரல. பொய் சொல்லக் கூடாது ஒங்கிட்ட."

வெள்ளையம்மாள் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாள். "புடிச்சிருந்தா இருக்க வேண்டியதுதான்" என்றாள் கடைசியில். "அதுக்கு இன்னாத்துக்கு அழுவற?" மகளின் கையை எடுத்து அதில் விளக்கெண்ணெய் தடவ ஆரம்பித்தாள்.

காலையில் வெண்ணிலா எழுந்தபோது அம்மா வீட்டில் இல்லை. அரிவாளை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போனாள். போகும்போதே புரிந்துவிட்டது. மாற்றாள் கூட்டம் ஏழெட்டுப் பேர்தான் இருக்கும். அங்கே ஊரே நின்றது. எஸ்டேட்டுக்குப் போகாத கிழவர்கள், கைக்குழந்தைக்காரிகள், கடையைச் சாத்திவிட்டு வந்த பார்த்திபன். எல்லோர் கையிலும் அரிவாள். வெள்ளையம்மாள் வரப்பில் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு நின்றாள், வெறுங்கையோடு.

செந்தாமரை வெண்ணிலாவைத் தனியே இழுத்தாள். "நான் ஒண்ணும் பண்ணலடி. மத்தவளுங்க மொணகினாளுங்க, நாந்தான் சமாளிச்சி வெச்சேன். விடியக்காத்தால பெரிம்மாவே கம்ப ஊனிக்கினு வந்திச்சி. 'எங்க வூட்ட ஆளில்லாத வூட்டுல சேத்துக்க'ன்னு அதுவேதான் சொல்லிச்சி. எவ்ளோ சொல்லியும் கேக்கல."

"ஏம்மா?" வெண்ணிலா அம்மாவிடம் ஓடினாள். "நேத்து வரிக்கும் மாட்டேன்னியேம்மா!"

"நேத்து வரிக்கும் நீ வந்துருவன்னு இருந்தேன்" என்றாள் வெள்ளையம்மாள். "சும்மா இரு. ஊரு நிக்கிது."

ஆளில்லாத வீட்டுக் கொல்லையில் இறங்குமுன் ஒரு முறை உண்டு. சொந்தக்காரர் எவராவது வந்திருந்து, அவர் இருப்பது தெரியாமல் ஊர் இறங்கிவிட்டால் அவமானம் இருவருக்கும்தானே? அதனால் கூட்டத்துத் தலைவி வரப்பில் நின்று மூன்று தடவை குரல் கொடுப்பாள். பெரும்பாலும் அது பேச்சுக்குக் கேட்பதுதான். பதில் வந்ததாக அங்கே யாருக்கும் நினைவில்லை.

செந்தாமரை கொல்லையைப் பார்த்துக் கூப்பிட்டாள். "இந்த வூட்டுக்கு ஆளு கீதா?"

காற்றில் சாமை சலசலத்தது.

"இந்த வூட்டுக்கு ஆளு கீதா?"

"கீறேன்" என்றாள் வெண்ணிலா.

கூட்டம் திரும்பியது. வெள்ளையம்மாளின் கம்பு மண்ணில் நழுவி, மறுபடி நின்றது. செந்தாமரை அவசரப்படவில்லை. அவள் முகத்தில் கிண்டலும் இல்லை. முறைப்படி கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"சந்தோசம். அப்ப இந்த வூட்டு மொறைய நீ எடுத்துக்கற. அடுத்த ஐப்பசிக்கி நீ எந்த ஊர்ல இருப்ப?"

இந்தக் கேள்வி வெண்ணிலாவுக்குப் புதிதில்லை. எத்தனை விமான நிலையங்களில், எத்தனை கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்த அதிகாரிகள் கேட்டிருக்கிறார்கள், எங்கே தங்குவாய், எவ்வளவு நாள் இருப்பாய் என்று. ஹோட்டல் பெயர், திரும்பும் டிக்கெட் எல்லாம் கையில் வைத்துக்கொண்டு, சுற்றிப் பார்க்க வந்தேன் என்று கண்ணிமைக்காமல் சொல்லியிருக்கிறாள். இங்கேயும் ஒரு சொல் போதும். இங்கேதான் இருப்பேன் என்றால் ஊர் நம்பிவிடும், ஒரு வருஷத்துக்காவது நம்பும். அம்மா கம்பைத் தூக்கிப் போட்டுவிட்டு நடப்பாள். தையோடு சியாங் மாய் விசா முடிகிறது. அதற்குப் பிறகு ஜார்ஜியாவாக இருக்கலாம், மறுபடி மலேசியாவாக இருக்கலாம். ஐப்பசியில் எங்கே என்று அவள் இதுவரை யோசித்ததே இல்லை. யோசிக்கத் தேவையில்லாமல் இருப்பதுதான் அந்த வாழ்க்கையில் அவளுக்குப் பிடித்ததே.

அம்மாவைப் பார்த்தாள். வெள்ளையம்மாள் அவளைப் பார்க்கவில்லை. கொல்லையைப் பார்த்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி பதிலுக்குக் காத்திருந்தாள்.

"தெரியல, செந்தாமர" என்றாள் வெண்ணிலா.

செந்தாமரை தலையசைத்தாள். பிறகு கொல்லைப் பக்கம் திரும்பி, மூன்றாவது தடவையும் கேட்டாள். யாரும் பதில் சொல்லவில்லை.

"எறங்குங்க. வெயிலு ஏறுது."

ஊர் இறங்கியது. அத்தனை அரிவாள்களும் ஒன்றாகப் பேச ஆரம்பித்தன. வெள்ளையம்மாள் கம்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல வரப்பில் உட்கார்ந்தாள். வெண்ணிலாவின் கையிலிருந்த அரிவாளை வாங்கிப் பின்னால் வைத்தாள். பக்கத்தில் கிடந்த கல்லை முந்தானையால் துடைத்துவிட்டு, "உக்காரு" என்றாள். துடைத்துவிட்டு உட்காரச் சொல்வது அந்த வீட்டுக்கு வரும் விருந்தாளிகளுக்குச் செய்யும் மரியாதை.

வெண்ணிலா உட்கார்ந்தாள். கண்ணீர் நிற்கவில்லை.

"அழுவாத. அறுக்கறவங்க பாத்தா சங்கடப்படுவாங்க" என்றாள் வெள்ளையம்மாள். பிறகு, எந்த வருத்தமும் காட்டாமல், ஊருக்கு வந்த உறவுக்காரர் யாரிடமும் கேட்பது போலவே கேட்டாள்:

"சனிக்கெழம எத்தினி மணிக்கி பஸ்ஸு?"